37 வயது எலி, 'வயதே ஆகாத' எலியா? நேக்கட் மோல் ராட் பற்றி ஆய்வுகள் உண்மையில் சொல்வது என்ன?

ஒரு சுண்டெலிக்கு ஆய்வகத்தில் ராஜ வாழ்க்கை கொடுத்துப் பாருங்கள். வேளாவேளைக்குத் தீனி, பூனை பயம் இல்லை, நோய் வந்தால் பார்க்க டாக்டர். அப்படி வளர்த்தாலும் இரண்டரை, மூன்று வருஷத்தில் அதன் கதை முடிந்துவிடும். கிட்டத்தட்ட அதே சைஸில் இன்னொரு பிராணி இருக்கிறது. எடை 35 கிராம் சுற்றளவில்தான். ஆனால், 37 வருஷத்துக்கு மேல் வாழ்ந்து காட்டியிருக்கிறது.

பெயர் நேக்கட் மோல் ராட். இந்தக் கட்டுரையில் சுருக்கமாக 'மோல் எலி' என்றே வைத்துக்கொள்வோம்.

2025 அக்டோபரில் சீனாவின் ஷாங்காயில் உள்ள டோங்ஜி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மோல் எலியின் உடலில் உள்ள ஒரு புரதம், சேதமான டிஎன்ஏவைப் பழுது பார்க்க உதவுகிறது, அதனால் முதுமை தள்ளிப்போகிறது என்பது அதன் சாரம். அவ்வளவுதான், 'மரணத்தை வென்ற எலி', 'முதுமைக்கு முற்றுப்புள்ளி' என்ற ரீதியில் தலைப்புகள் பறக்கத் தொடங்கின.

இப்படி நடப்பது முதல் முறை இல்லை. 2013-ல் நடந்தது, 2018-ல் நடந்தது, 2023-லும் நடந்தது. ஒவ்வொரு முறையும் 'ரகசியம் கண்டுபிடிக்கப்பட்டது' என்று செய்தி வரும். சில வருஷம் கழித்து அந்த ரகசியத்துக்கு ஒரு திருத்தம் வரும். திருத்தம் மட்டும் செய்தியாகாது. ஆனால், உண்மையில் நமக்குப் பயன்படக்கூடியது அந்தத் திருத்தங்கள்தான். அதனால் அவற்றையும் சேர்த்தே பார்ப்போம்.

முதலில், இது என்ன பிராணி?

பெயரில் மோல் இருக்கிறது, ராட்டும் இருக்கிறது. ஆனால் இது அசல் மோலும் இல்லை, வழக்கமான எலியும் இல்லை. கொறித்துண்ணி வகைதான் என்றாலும் சுண்டெலியைவிட முள்ளம்பன்றிக்கும் கினி பன்றிக்கும்தான் நெருங்கிய சொந்தம். ஊர், கிழக்கு ஆப்பிரிக்கா. கென்யா, எத்தியோப்பியா, சோமாலியாவின் வறண்ட நிலத்துக்கு அடியில் வளை தோண்டி வாழ்கிறது. தோண்டுவதற்குக் கை கால்களைவிடப் பற்களைத்தான் நம்பியிருக்கிறது. மண் வாய்க்குள் போகாதபடி பற்களுக்குப் பின்னால் உதடு மூடிக்கொள்ளும். தண்ணீர் குடிப்பதில்லை, சாப்பிடும் கிழங்கில் இருக்கும் ஈரமே போதும்.

பார்க்க அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். சுருங்கிய இளஞ்சிவப்புத் தோல், புள்ளி மாதிரி கண்கள். பிறந்த சில மாதத்திலேயே கிழடு தட்டிய தோற்றம் வந்துவிடுகிறது. அப்புறம் முப்பது வருஷம் ஆனாலும் பெரிதாக மாறுவதில்லை!

தேனீக்களைப் போலவே இவையும் காலனியாக வாழ்கின்றன. சராசரியாக 70, 80 எலிகள் இருக்கும் காலனியில் குட்டி போடுவது ஒரே ஒரு ராணி. அதனுடன் சேர்வது ஒன்றிரண்டு ஆண்கள். மற்றதெல்லாம் வேலைக்காரர்கள், காவல்காரர்கள். பாலூட்டிகளில் இப்படி ஒரு சமூக அமைப்பு இருக்கிறது என்பதைத் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த விலங்கியலாளர் ஜெனிஃபர் ஜார்விஸ் 1981-ல் சொன்னபோதுதான் அறிவியல் உலகமே இதைத் திரும்பிப் பார்த்தது. அப்போது ஆச்சரியம் ராணியைப் பற்றித்தான். ஆயுளைப் பற்றி அல்ல. பிடித்துவந்த எலிகள் பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஆகியும் சாகாமல் இருந்தபோதுதான் அடுத்த கேள்வி எழுந்தது.

'வயதாகாது' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

இதைப் புரிந்துகொள்ள ஒரு இன்சூரன்ஸ் கணக்கு தெரிந்தால் போதும்.

30 வயதில் டேர்ம் இன்சூரன்ஸ் எடுத்தால் பிரீமியம் குறைவு. 50 வயதில் எடுத்தால் பல மடங்கு. ஏன்? வயது ஏற ஏற, அந்த வருஷத்திலேயே இறந்துபோவதற்கான வாய்ப்பும் ஏறுகிறது. இந்த ஏற்றத்துக்கு ஒரு ஒழுங்கு இருப்பதை 1825-ல் கண்டுசொன்னவர் பிரிட்டனைச் சேர்ந்த பெஞ்சமின் காம்பெர்ட்ஸ். அவருடைய தொழிலே இன்சூரன்ஸ் கணக்கு போடுவதுதான். மனிதர்களுக்கு 30 வயதுக்குப் பிறகு, ஏறத்தாழ எட்டு ஆண்டுக்கு ஒருமுறை மரண அபாயம் இரட்டிப்பாகிறது. அப்படீன்னா 38-ல் இரண்டு மடங்கு, 46-ல் நான்கு மடங்கு, 54-ல் எட்டு மடங்கு... 70 வயதில் 32 மடங்கு. குதிரை, நாய், சுண்டெலி எல்லாவற்றுக்கும் வேகம்தான் வேறு, கதை ஒன்றுதான்.

மோல் எலிகளைப் பல பத்தாண்டுகளாக வளர்த்துவருபவர் உயிரியலாளர் ரோஷெல் பஃபென்ஸ்டைன். கூகுள் தொடங்கிய 'கேலிகோ' நிறுவனத்தில் அவர் பணியாற்றியபோது, 3,000-க்கும் மேற்பட்ட எலிகளின் பிறப்பு, இறப்புக் குறிப்புகளை வைத்து இதே கணக்கைப் போட்டார்கள். 2018-ல் 'ஈலைஃப்' ஆய்விதழில் முடிவு வந்தது. ஆறு மாத வயதில் பருவம் அடைந்ததிலிருந்து, ஒரு மோல் எலி இன்றைக்கு இறப்பதற்கான வாய்ப்பு சுமார் பத்தாயிரத்தில் ஒன்று. 5 வயதிலும் அதே. 15 வயதிலும் அதே. 25 வயதிலும் ஏறவில்லை.

காம்பெர்ட்ஸின் விதியை இப்படி மீறிய பாலூட்டி இதற்கு முன் கிடையாது. 'வயதாகாத எலி' என்ற பட்டம் பிறந்த இடம் இதுதான்.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நாளைக்குப் பத்தாயிரத்தில் ஒன்று என்பதை வருஷக் கணக்காக மாற்றினால் சுமார் 3.6 சதவீதம். இது சின்ன அபாயம் இல்லை. 30 வயதில் ஆரோக்கியமாக இருக்கும் ஒரு மனிதருக்கு அந்த வருஷம் இருக்கும் மரண அபாயம் இதைவிட ரொம்பவே குறைவு. நூறு இளம் மோல் எலிகளை விட்டுவைத்தால், இந்தக் கணக்குப்படி 19 வருஷத்தில் ஏறத்தாழ பாதி போய்விடும். அதாவது, இந்த எலி சாகாமல் இருப்பதில்லை. சாகிறது. ஆனால் 'வயதானதால்' கூடுதலாகச் சாவதில்லை. சண்டை, காயம், தொற்று என்று எந்த வயதிலும் வரக்கூடிய காரணங்கள்தான் அதைக் கொண்டுபோகின்றன போலிருக்கிறது. 'மரணமில்லா எலி' என்று தலைப்பு போடுபவர்கள் கோட்டைவிடுவது இந்த வித்தியாசத்தைத்தான்.

இந்த முடிவை எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொண்டார்களா என்றால் இல்லை. 2019-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதிகம் இடம்பெற்ற ஒரு குழு, அதே இதழில் எதிர்க்கேள்வி எழுப்பியது. கணக்கில் வந்த எலிகளில் பெரும்பாலானவை இளசுகள், உண்மையிலேயே கிழட்டு எலிகள் கொஞ்சம்தான், பழைய காலக் குறிப்புகளில் விடுபட்டவை இருக்கின்றன, இதை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்பது அவர்கள் வாதம். நியாயமான கேள்வி. பஃபென்ஸ்டைன் குழு 2024-ல், முன்பு இருந்ததைப்போல் இரண்டு மடங்கு தரவுகளுடன் திரும்பி வந்தது. கோடு இன்னும் ஏறவில்லை என்றே அந்த ஆய்வும் சொல்கிறது. ஆனாலும், 30 வயதைத் தாண்டிய எலிகள் இன்றைக்கும் குறைவுதான்.

சரி, உடம்புக்குள் வயது ஓடுதா, இல்லையா?

ஓடுகிறது. இதைச் சொன்னது 2022-ல் 'நேச்சர் ஏஜிங்' இதழில் வந்த ஆய்வு.

நம் டிஎன்ஏ மீது மெத்தில் என்ற சின்னச் சின்ன ரசாயனக் குறிகள் ஒட்டியிருக்கும். வயது கூடக் கூட அவை இருக்கும் இடங்கள் ஒரு ஒழுங்கில் மாறும். அதைப் படித்தே ஒருவரின் வயதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். இதற்கு 'எபிஜெனிடிக் கடிகாரம்' என்று பெயர். இதைப் பிரபலமாக்கிய ஸ்டீவ் ஹோர்வாத்தும் மற்ற ஆய்வாளர்களும் மோல் எலியிலும் இந்தக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தார்கள். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆக, செல் அளவில் வயதாகிறது. ஆனால், அந்த வயது நோயாகவோ மரணமாகவோ வெளியே தெரிவதில்லை. இதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருந்தது. ராணிகளின் கடிகாரம் மற்ற எலிகளைவிட மெதுவாக ஓடுகிறது. பொதுவாகப் பிள்ளை பெறுவது உடலைத் தேய்க்கும் என்றுதான் நினைக்கிறோம். இங்கே வருஷம் முழுக்கக் குட்டி போடும் ராணிக்குத்தான் வயது மெல்ல ஏறுகிறது. மாதவிடாய் நிற்பதைப் போன்ற கட்டமும் அதற்குக் கிடையாது. 2023-ல் வந்த ஓர் ஆய்வு, மோல் எலியின் சினைப்பையில் பிறந்த பிறகும் புதிய கருமுட்டைகள் உருவாவதைக் காட்டியது. மனிதப் பெண்களுக்கோ, பிறக்கும்போதே உள்ள இருப்புதான் வாழ்நாள் முழுக்க.

கேன்சரே வராது என்கிறார்களே?

சுண்டெலிகளில் கணிசமானவை கேன்சரில்தான் சாகின்றன. மோல் எலிகளில் ஆயிரக்கணக்கில் வளர்த்தும், கண்ணில் பட்ட கேன்சர் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே. அதனால் இந்தப் பகுதியில்தான் ஆராய்ச்சியும் அதிகம், பரபரப்பும் அதிகம்.

அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் வேரா கோர்புனோவா, ஆந்த்ரே செலுவனோவ் இருவரின் ஆய்வகம். மோல் எலியின் செல்களைத் தட்டில் வளர்த்தபோது, அந்தத் திரவம் பாகு மாதிரி கெட்டியானது. மற்ற பிராணிகளின் செல்களில் அப்படி ஆவதில்லை. என்னவென்று பார்த்தால் ஹையலுரோனிக் அமிலம். நம் உடம்பிலும் இருப்பதுதான், மூட்டிலும் தோலிலும் இருக்கிறது. ஆனால் மோல் எலி தயாரிக்கும் மூலக்கூறு, மனிதரிலும் சுண்டெலியிலும் இருப்பதைவிட ஐந்து மடங்குக்கு மேல் பெரியது. அதை அகற்றினால் செல்கள் கட்டியாக மாறும் வாய்ப்பு வந்தது. 2013-ல் 'நேச்சர்' இதழில் இது வெளியாக, 'சயின்ஸ்' இதழ் மோல் எலியை அந்த ஆண்டின் சிறந்த முதுகெலும்பி என்றே அறிவித்துவிட்டது.

பிறகு திருத்தங்கள் வந்தன. 2016-ல் அமெரிக்க உயிரியல் பூங்காக்களில் இருந்த மோல் எலிகளில் கேன்சர் இருந்தது பதிவானது. ஆக, 'வரவே வராது' என்பது போச்சு. 2020-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 11 எலிகளிலிருந்து 79 செல் வரிசைகளை வளர்த்து, கேன்சரைத் தூண்டும் ஜீன்களைச் செலுத்தினார்கள். செல்கள் கேன்சராக மாறின. அப்படீன்னா பாதுகாப்பு தனித்தனி செல்லுக்குள் மட்டும் இல்லை. செல்லைச் சுற்றி இருக்கும் சூழல், நோய் எதிர்ப்பு மண்டலம் என்று உடம்பு முழுவதுமாகச் சேர்ந்துதான் அதைத் தடுக்கிறது என்ற பக்கம் அவர்கள் சந்தேகம் திரும்பியது.

ராசெஸ்டர் குழுவும் சும்மா இருக்கவில்லை. ஹையலுரோனிக் அமிலத்தைத் தயாரிக்கும் மோல் எலியின் ஜீனை எடுத்துச் சுண்டெலிக்குள் வைத்தார்கள். 2023-ல் முடிவு: அந்தச் சுண்டெலிகளுக்குக் கேன்சர் குறைந்தது, வயதான காலத்தில் உடலில் அழற்சி குறைந்தது, சராசரி ஆயுள் 4.4 சதவீதம் கூடியது.

4.4 சதவீதம் என்றால் எவ்வளவு? இரண்டரை வருஷம் வாழும் சுண்டெலிக்குச் சுமார் 40 நாள். மோல் எலிக்கும் சுண்டெலிக்கும் இடையே இருப்பது பத்து மடங்கு வித்தியாசம். அதை ஏற்படுத்தும் 'ரகசியம்' என்று சொல்லப்பட்ட ஜீனை முழுசாகக் கொண்டுவந்து வைத்தும் கிடைத்தது 40 நாள்தான். இதைத் தோல்வி என்று சொல்லவில்லை. ஒரு பிராணியின் நீண்ட ஆயுளுக்குக் காரணமான ஜீனை இன்னொரு பிராணிக்கு மாற்றிப் பலன் பார்த்தது பெரிய சாதனை. ஆனால், ஒரே ஒரு சாவியால் திறக்கும் பூட்டு இது இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் கிடைக்காது.

இந்த இடத்தில் கடைகளில் விற்கும் ஹையலுரோனிக் சீரம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பெயர் ஒன்று என்பதால் மோல் எலியின் படத்தைப் போட்டு விற்பவர்களும் உண்டு. முகத்தில் பூசுவது தோலுக்கு ஈரப்பதம் தரலாம், அது வேறு. மோல் எலியிடம் இருப்பது, உடம்பின் எல்லாத் திசுக்களிலும் உள்ளேயே தயாராகும் ராட்சத மூலக்கூறு. அதோடு அதை உடைக்கும் என்சைம்கள் அதற்கு மந்தம். நம் உடலோ தன்னிடம் உள்ள ஹையலுரோனிக் அமிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தினமும் உடைத்துப் புதுப்பிக்கிறது. மேலே பூசி இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரைக்கு ஒரு கேள்வி

ஆக்சிஜனால் செல்களுக்கு ஏற்படும் சேதம்தான் முதுமைக்குக் காரணம், அதைத் தடுத்தால் இளமை என்ற கருத்து பல காலமாக ஓடுகிறது. மாத்திரை வியாபாரமும் அதை நம்பித்தான் நடக்கிறது. அப்படியானால் மோல் எலியின் உடலில் இந்தச் சேதம் குறைவாக இருக்க வேண்டும் அல்லவா? 2006-ல் அளந்து பார்த்தார்கள். இளம் வயதிலேயே, சுண்டெலியைவிட அதிகச் சேதம்! இவ்வளவையும் சுமந்துகொண்டு முப்பது வருஷம் ஓடுகிறது. சேதத்தைத் தவிர்ப்பதைவிட, சேதத்தோடு வாழவும் பழுது பார்க்கவும் தெரிந்திருப்பதுதான் முக்கியமோ என்ற கேள்வி அங்கேதான் வலுத்தது.

2025 ஆய்வு சொல்லும் 'ரிப்பேர்' கதை

டோங்ஜி ஆய்வு நிற்பது இந்தக் கேள்வியின் மேல்தான். அவர்கள் பார்த்த புரதத்தின் பெயர் சி-காஸ். மனிதருக்கும் உண்டு. செல்லுக்குள் இருக்கக்கூடாத இடத்தில் டிஎன்ஏ கிடந்தால் (வைரஸ் புகுந்தால், உதாரணமாக) அலாரம் அடிப்பது அதன் வேலை. ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணமும் இருக்கிறது. நம் டிஎன்ஏ முறியும்போது, அதைத் துல்லியமாக ஒட்டும் பழுதுபார்ப்பு வேலைக்கு மனித சி-காஸ் முட்டுக்கட்டை போடுகிறது.

மோல் எலியின் சி-காஸில் நான்கே நான்கு அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன. அந்த மாற்றத்தால் முட்டுக்கட்டை போட்ட அதே புரதம் ஒத்தாசை செய்யும் புரதமாகிவிடுகிறது. டிஎன்ஏ சேதமான இடத்தில் கூடுதல் நேரம் தங்கி, பழுதுபார்க்கும் மற்ற புரதங்கள் ஒன்றுசேர உதவுகிறது. இந்த வடிவத்தைப் பழ ஈக்களுக்குக் கொடுத்தபோது ஆயுள் கூடியது. வயதான சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது தளர்ச்சி குறைந்தது, நரையும் குறைந்தது.

நான்கு எழுத்து மாறினால் எதிரி நண்பனாகிறான் என்பது உயிரியலில் அபூர்வமான, அழகான கண்டுபிடிப்பு. சந்தேகமில்லை. ஆனால் 2013-ன் கதையை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். மற்ற ஆய்வகங்கள் இதைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். மனிதர்களிடம் சி-காஸ் செய்யும் வேலை நோய் எதிர்ப்பு சம்பந்தப்பட்டது, அதில் கை வைத்தால் வேறு என்ன நடக்கும் என்பதும் பார்க்கப்பட வேண்டும்.

இந்த எலிக்கு மட்டும் ஏன் இப்படி?

பரிணாமம் யாருக்கும் சும்மா நீண்ட ஆயுள் கொடுப்பதில்லை. வயலில் ஓடும் சுண்டெலியை ஆந்தையோ பாம்போ ஒரு வருஷத்துக்குள் பிடித்துவிடும். பத்து வருஷம் உழைக்கும் உடம்பைக் கட்டி அதற்கு என்ன பிரயோஜனம்? சீக்கிரம் குட்டி போடுவதுதான் புத்திசாலித்தனம். எதிரி எளிதில் நெருங்க முடியாத இடத்தில் வாழ்பவைக்குக் கணக்கு வேறு. பறந்து தப்பிக்கும் வௌவால்களில், ஏழு கிராம் எடையுள்ள பிராண்ட் வௌவால் சைபீரியாவில் 41 ஆண்டுகள் வாழ்ந்தது பதிவாகியிருக்கிறது. பாதுகாப்பான கூட்டுக்குள் இருக்கும் எறும்பு ராணி ஆய்வகத்தில் 28 ஆண்டு வாழ்ந்திருக்கிறது. மண்ணுக்கடியில் கோட்டை கட்டி வாழும் மோல் எலியும் இந்த வரிசையில்தான் வருகிறது. வளைக்குள் காற்று குறைவாக இருந்தாலும் சமாளிக்கும். ஆக்சிஜனே இல்லாத அறையில் 18 நிமிடம் வைத்தும் பிழைத்துக்கொண்டதை 2017-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. அப்போது அதன் மூளை குளுக்கோஸை விட்டுவிட்டு ஃப்ரக்டோஸில் ஓடுகிறது. மாரடைப்பு, பக்கவாதம் பற்றி ஆராய்பவர்களுக்கு ஆயுளைவிட இந்த விஷயம்தான் அவசரமானது.

இதிலும் ஒரு 'ஆனால்' இருக்கிறது. 37 வயது என்பதெல்லாம் கூண்டில் வளர்ந்த எலியின் கணக்கு. கென்யாவின் காட்டு வளைகளில் சாதாரண வேலைக்கார எலிகள் பெரும்பாலும் சில வருஷங்களே வாழ்கின்றன. பாம்பு, பக்கத்துக் காலனியுடன் சண்டை, புது இடம் தேடி வெளியே போகும்போது ஏற்படும் ஆபத்து. நிஜத்தில் நீண்ட ஆயுளை அனுபவிப்பது நடுவில் பத்திரமாக இருக்கும் ராணிதான்.

மனிதர்களுக்கு எப்போ?

இன்றைய தேதியில், மோல் எலியிடமிருந்து எடுத்து மனிதருக்குக் கொடுக்கப்படும் 'ஆயுள் நீட்டிக்கும்' மருந்து எதுவும் இல்லை. யாராவது விற்றால் அது மோல் எலியின் பெயர் மட்டும்தான். ராசெஸ்டர் குழு, நம் உடலில் ஹையலுரோனிக் அமிலம் உடைவதை மெதுவாக்கும் மூலக்கூறுகளைத் தேடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் குறிவைப்பது 150 வயதை அல்ல. கேன்சர், வயதான காலத்து அழற்சி போன்ற குறிப்பிட்ட நோய்களைத்தான்.

30 வயதுக்குப் பிறகு மோல் எலியின் மரண அபாயம் உண்மையிலேயே ஏறாமல் இருக்குமா என்ற மூலக் கேள்விக்குப் பதில் சொல்ல, குறுக்குவழி எதுவும் இல்லை. எலிகள் கிழடாகும் வரை காத்திருக்க வேண்டும். சுண்டெலி ஆய்வென்றால் ஒரு பிஎச்.டி. முடிவதற்குள் பிறப்பு முதல் இறப்பு வரை பார்த்துவிடலாம். பஃபென்ஸ்டைன் இந்த எலிகளுடன் வேலை செய்யத் தொடங்கியது 1980-களில். அவர் பராமரிக்கும் கூட்டத்தில் இந்த ஆண்டு பிறக்கும் குட்டிகளில் சில, 2050-களிலும் வளை தோண்டிக்கொண்டிருக்கக்கூடும். அவற்றின் இறப்புத் தேதியைக் குறிப்பேட்டில் எழுதப்போவது, இப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர்.